போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பற்றிப் பேசப் போகிறவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை கல்லூரியில் பேசப் போகிறவர்கள் அனுப்பிய ஸ்லைடுகளைப் பார்த்தேன், நன்றாகவே இருக்கின்றன, ஆனால் மற்ற டேட்டாபேஸ்களான மைசீக்வலையும் ஆரக்கிளையும் கிண்டல் செய்யும் அந்த இரண்டு மீம்களை மட்டும் எடுத்துவிடுங்கள். போன தடவை நம்மில் ஒருவர் மேடையில் இப்படிக் கலாய்க்கப் போய், முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா, பத்து வருஷமாக அதே டேட்டாபேஸில்தான் சம்பளக் கணக்கு ஓட்டுகிறாராம், லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரைப் போன்றவர்களுக்காகத்தானே கூட்டமே போட்டோம்!

நம் சரக்கைக் காட்டினால் போதும். பிகின் அடித்துத் தொடங்கி, டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையில் புது ஃபீல்டு ஒன்றைச் சேர்த்து, செலக்ட் போட்டுக் காட்டிவிட்டு, அப்புறம் பிகினுக்குப் பின் செய்ததையெல்லாம் ரத்து செய்யும் ரோல்பேக் கொடுங்கள். சேர்த்தது சுவடே இல்லாமல் போயிருக்கும். கேள்விகள் தானாக வரும். 1986இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஸ்டோன்பிரேக்கர் போஸ்ட்கிரெஸைத் தொடங்கியது, 1996இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இப்போதைய பெயர் வந்தது, 2014இல் 9.4 பதிப்போடு ஜேசன் தரவைச் சேமிக்கும் ஜேசன்பி வகை வந்தது, இதற்கெல்லாம் ஒரே ஸ்லைடு போதும்.

நம் பக்கத்துக் குறையை மறைக்க வேண்டாம். அப்டேட் செய்தால் பழைய பதிவு அங்கேயே கிடக்கும், வேக்யூம் என்ற துப்புரவு வேலைதான் அதைப் பெருக்கித் தள்ள வேண்டும், அதைக் கவனிக்காமல் விட்டால் டேபிள் ஊதிவிடும் என்று நாமே சொல்லிவிடலாம். யாராவது மாறலாமா என்று கேட்டால், இப்போது இருப்பது ஒழுங்காக ஓடுகிறதென்றால் அதிலேயே இருங்கள் என்று சொல்லவும் தயங்காதீர்கள். மைசீக்வலும் நம்முடையதைப் போல ஓப்பன் சோர்ஸ்தான்.

திருத்திய ஸ்லைடு வியாழன் இரவுக்குள் வந்துவிட வேண்டும், சரியா?