கெடிலம் பாலத்தில் பைக்கை நிறுத்திய அண்ணனுக்கு

அண்ணே, உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை மதியம் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ எதுவும் கிடைக்காமல், பையைத் தூக்கிக்கொண்டு கெடிலம் பாலத்தில் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போனவன் நான்தான். "எங்க தம்பி இப்படி ஓடுறீங்க?" என்று கேட்டீர்கள், கூடப் படித்தவன் இறந்துவிட்டான், மூன்று மணிக்கு எடுக்கிறார்கள் என்றேன், அப்புறம் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் வண்டியில் மீன் கூடை இருந்தது, அதை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்து வந்தேன்.

சுடுகாட்டு வாசலில் இறக்கிவிட்டீர்கள். வாய்க்கரிசி போட முடிந்தது. முகம் பார்த்தேன்.

அவன் யார் என்று உங்களுக்குச் சொல்லவே இல்லையே. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே சில்வர் பீச்சில் கிரிக்கெட் ஆடுவதாக இருந்தோம்; பேட் அவனிடம், அவனோ எட்டரை வரை தூங்கிவிட்டான். அவன் வீட்டு வாசலில் நின்று நான் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து ஜனங்கள் ஓடி வந்தார்கள். "என் தூக்கம்தான்டா உன்னைக் காப்பாத்துச்சு" என்று இருபது வருஷமாக அதையே சொல்லி டீ வாங்கிக் குடித்தான், சரியான கஞ்சன்.

திரும்பிப் பார்த்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். சட்டையில் மீன் வாடை மட்டும் இருந்தது. ரொம்ப நன்றி அண்ணே.