அம்மாவின் மைலோ டின்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுக் கைத்தொலைபேசி வாங்க, ஊழியர் சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்போவதாகப் பேரன் சொன்னான். 2024 மே மாதம் தொடங்கிய அந்தக் கணக்கில் எப்போது வேண்டுமானாலும் கை வைக்கலாமாம். இருப்பதே நன்றாக இருக்கிறதே ஐயா என்றேன். “கஞ்சமாக இருக்காதீர்கள் பாட்டி” என்று சொல்லிவிட்டான். இரண்டு நாளாக அந்தச் சொல் மனத்தை அறுக்கிறது.

எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் உலை வைக்கும்போது, அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்து மைலோ டின்னில் போடுவார். மாதக் கடைசியில் அதைத்தான் பொங்குவார். அந்த நாள்களில் கடைக்காரரின் கடன் புத்தகத்தில் (பின்னாளில் 555 என்றோமே, அதுதான்) எங்கள் பெயரில் எதுவும் ஏறாது. ஒட்டுப்பால் (மரத்திலும் கோப்பையிலும் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) காசைச் சேலைத் தலைப்பில் தனியாக முடிந்து வைப்பார்.

வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த துண்டாடல் காலம் அது. வேலையோடு, தோட்டத்தில் கொடுத்திருந்த லயத்து (வரிசை) வீடும் போய்விடுமோ என்று பெரியவர்கள் இரவெல்லாம் பேசுவார்கள். 1960இல் எங்கள் சுங்கை சிப்புட்டின் துன் வீ.தி. சம்பந்தன், அன்று அமைச்சர், தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அம்மா முடிச்சை அவிழ்த்தார். அடுத்த ஆண்டு கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அம்மா அந்தத் தோட்டத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனாலும் “நம் தோட்டம்” என்றுதான் சொல்வார்.

அதே அம்மா பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குத் தாம் வளர்த்த கோழியை அடித்துக் கொடுத்தார். எங்கள் பள்ளிப் புத்தகத்துக்கு ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை. கஞ்சத்தையும் நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை டவுனுக்குக் கொண்டுபோக டாக்சிக் காசை எண்ணிய வீடு எங்கள் லயத்திலேயே இருந்தது. அந்தச் சொல்லை என் அம்மா வழி வந்த பழக்கத்தின் மேல் போடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று பங்குப் பணம் கட்டியவர்களில் மிஞ்சியிருப்பவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். தயவுசெய்து உங்கள் நிருபர்களைத் தோட்டப்புறங்களுக்கு அனுப்புங்கள். எதைக் குறைத்து அந்தப் பத்து வெள்ளியைச் சேர்த்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுங்கள். பேரனுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.

பால் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு பாட்டி,
சுங்கை சிப்புட், பேராக்