எண்ணூறு மீட்டர், கையில் சிவப்புக் கொடி

மானாமதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாமல் இருந்தது தப்புதான். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லாரும் சுகம். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தாத்தாவின் முதல் வருட நினைவு நாளுக்கு நீங்கள் அடிக்கப்போகும் நோட்டீஸைப் பார்த்தேன். படம் பிரமாதம். அந்தத் தொப்பிப் படத்தை மாற்றாதே. ஆனால் "மினி மாரத்தான், 5 கி.மீ." என்று கீழே போட்டிருக்கிறாயே, அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. அவர் ஓடியது எண்ணூறுடா! ஞாயிற்றுக்கிழமை தவறாமல், குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், எண்ணூறு. ஏன் எண்ணூறு என்று நம் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. போண்டா சத்தியமாகக் கேட்டிருக்கவே மாட்டான்.

தாத்தா ரயில்வே கீமேன், தினமும் பாதையை நடந்து சோதிக்கிறவர். கீமேன் ஒற்றை ஆள். அவர் பொறுப்பில் இருக்கும் பாதை, அதாவது பீட், ஐந்தாறு கிலோமீட்டர். போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போய், திரும்பும்போது மறு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். தோளில் சுத்தியல், தண்டவாள மூட்டை முடுக்கும் ஃபிஷ் போல்ட் ஸ்பேனர், சிவப்புக் கொடி இரண்டு, பச்சை ஒன்று, டெட்டனேட்டர் டப்பா. டெட்டனேட்டர் என்றால் தண்டவாளத்தின் மேல் மாட்டுகிற வெடி, சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிக்கும். வழியில் தண்டவாளம் உடைந்து கிடப்பதைப் பார்த்தால் முதலில் அங்கேயே ஒரு சிவப்புக் கொடியை நட வேண்டும். மற்றதைக் கையில் விரித்துப் பிடித்தபடி, வண்டி வரும் திசையில் ஓட வேண்டும். மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலமுள்ள அந்தப் பழைய பாதையில், 400-வது மீட்டரில் ஒரு டெட்டனேட்டர். 800-வது மீட்டரில் மூன்று, பத்துப் பத்து மீட்டர் தள்ளி. எண்ணூறு வந்தது அங்கிருந்துதான். அவருக்கு அது பந்தய தூரம் மட்டும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த 800 மீட்டரை 48 விநாடியில் கடந்துவிடும். மனுஷன் ஓட முடியுமா? 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் நம் ஸ்ரீராம் சிங் 800 மீட்டர் இறுதிப் போட்டியில் 1:45.77-ல் ஓடி ஏழாவதாக வந்தார். ஹுவான்டொரேனா 1:43.50 என்று உலக சாதனை போட்ட ஓட்டம் அது. முதல் சுற்றில் வேகத்தைக் கிளப்பியது நம்ம ஆள்தான் என்று தாத்தா எத்தனை முறை சொல்லியிருப்பார்! அந்த இந்திய சாதனையை 2018-ல்தான் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடி முறியடித்தார். 42 வருஷம் நின்றது. அப்பேர்ப்பட்ட ஸ்ரீராம் சிங்கே ஓடினாலும் அதற்குள் வண்டி ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் வந்திருக்கும். அதனால்தான் டெட்டனேட்டர் வைக்கிற இடத்துக்குப் போய்ச் சேரும்வரை கொடியைச் சுருட்டவே கூடாது. டிரைவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். அதனால்தான் வண்டி நேரம் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். ஒற்றைப் பாதையில் எந்தப் பக்கம் முதலில் ஓடுவது என்பதை அந்த நிமிஷம் முடிவு பண்ண வேண்டும். தப்பான பக்கம் ஓடினால் ஓடியதெல்லாம் வீண்.

முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார், ஒரு தடவைகூட அப்படி ஓட வேண்டி வரவில்லை. அதற்குக் காரணம் அவர் சுத்தியல். இரும்பு ஸ்லீப்பரில் தண்டவாளத்தை இறுக்கும் ஆப்பான கீயைத் தட்டினால் இறுக்கமானது கணீர் என்னும், தளர்ந்தது மொட்டையாகச் சத்தம் போடும். கோபத்தில் ஓங்கி அடித்து ஏற்றினால் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் தாடை விண்டுபோகும், அளவாகத்தான் அடிக்க வேண்டும். கார்த்திகை மார்கழிக் குளிரில் தண்டவாள மூட்டுகளைப் பிரித்து, கிராஃபைட்டும் மண்ணெண்ணெயும் குழைத்துப் பூசுவார்கள். 12 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் 4 மில்லிமீட்டர் நீளும். மூட்டு இறுகிப்போய் அது நீள இடம் இல்லையென்றால் சித்திரை வெயிலில் பாதையே பக்கவாட்டில் நெளிந்துவிடும். பாதை வேலை பார்க்கும் கேங் ஆட்கள் சோம்பேறித்தனமாகப் பூசிய மூட்டை அவர் நடந்து போகும்போதே கண்டுபிடிப்பார். அவர் கத்துகிற கத்து உனக்கு ஞாபகம் இருக்கும்.

சரி, பந்தயத்தை இப்படி வைப்போம். பள்ளிக்கூட மைதானத்துத் தடம் 200 மீட்டர், அப்போது நாலு சுற்று. இரண்டாவது சுற்று முடிகிற இடத்தில் தண்டவாளத்துக்குப் பதில் ஒரு கட்டை, நாலாவது முடிகிற இடத்தில் ஒன்று, அதிலிருந்து 10 மீட்டருக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. ஆக முடிவுக்கோடு 820-ல் வரும், சுண்ணாம்பு போடும்போது மறந்துவிடாதே. கட்டையின் மேல்பக்கம் இரண்டேகால் அங்குலம் இருக்கட்டும், பழைய மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் தலை கிட்டத்தட்ட அந்த அகலம். டெட்டனேட்டருக்குப் பதில் வட்டத் தகரம், இரண்டு பக்கமும் மடக்குகிற பட்டையோடு. எழுத்துப் பக்கம் மேலே இருக்க வேண்டும், பட்டை இரண்டும் கட்டையைக் கவ்விப் பிடிக்க வேண்டும். ஓரத்தை மடித்துத் தட்டச் சொல், இல்லாவிட்டால் பிள்ளைகள் விரல் கிழியும். சுத்தியல் பிடியால் ஒரு தட்டு தட்டி, தகரம் கழன்றால் ஐந்து விநாடி கூட்டு. கொடியைச் சுருட்டிக்கொண்டு ஓடியவன் அதோடு அவுட்.

எங்கே சறுக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். கொடி காற்றை வாங்கிக் கையைப் பின்னால் இழுக்கும், தோள் கோணும். எல்லாரும் முதல் 200-ஐ வெறியோடு ஓடுவார்கள். மூன்றாவது சுற்றில் கால் கல்லாகிவிடும், கடைசித் தகரத்தை மடக்கும்போது விரல் நடுங்கும். பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முன்பே தகரம் மடக்கப் பழக்கிவிட வேண்டும். தாத்தா ஓடி முடித்த மூச்சோடு பழைய கொக்கியை மடக்கிக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

பூப்பந்தையும் விட்டுவிடாதே. ஐவர் அணி, 24-க்கு 12 மீட்டர் களம். கம்பளிப் பந்து முப்பது கிராம்கூட இருக்காது, காற்று கொண்டுபோய்விடும். காலை ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும், மாப்ளே. நம் பாதை 2007-ல் அகலப்பாதை ஆனதும் அந்த 400, 800 எல்லாம் 600, 1200 ஆகிவிட்டது. அவர் 1994-லேயே 58 வயதில் ஓய்வு பெற்றவர். அவருக்கும் அதற்கும் என்ன? ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, "இனிமே வர்ற பையன் ஆயிரத்து இருநூறு ஓடணுமே" என்றார். வெகு நேரம் வேறு எதுவும் பேசவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காகவாவது நோட்டீஸில் 5 கி.மீ.-யை எடுத்துவிடு.

முப்பது பிள்ளைகள் என்றால் ஆளுக்கு நாலு, 120 தகரம். பழகவும் உடையவும் இன்னொரு 40. தகரக்காரர் பத்து நாள் கேட்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் எத்தனை பேர் என்று எழுது. சிவப்புத் துணி நான் எடுத்துவிடுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம்.

உன்
மாப்ளே