இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

தாராவி, மும்பை

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் பருவம் நிறைவடையும் இவ்வேளையில், நம் பிள்ளைகள் படிப்பிலும் விளையாட்டிலும் பாராட்டத்தக்க முன்னேற்றம் கண்டுள்ளனர் என்பதைத் தெரிவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறேன். பேச்சு, ஓவியம், கபடி ஆகிய போட்டிகளில் பலர் பரிசு பெற்றனர். ஆண்டு விழாவும் உங்கள் ஒத்துழைப்பால் சிறப்பாக நடந்தேறியது. தேர்ச்சி அட்டைகளை வழக்கம்போல் வகுப்பாசிரியர்களிடம் பெற்றுக்கொள்ளலாம்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை நடைபெறும் தீயணைப்புப் பணி வாரத்தையொட்டி, ஏழாம் வகுப்பு மாணவர்கள் மும்பைத் தீயணைப்புப் படையின் வரலாற்றைச் சுவர் இதழாகத் தயாரித்துள்ளனர். 1803இல் கோட்டைப் பகுதியில் பேரழிவை ஏற்படுத்திய தீ, காவல்துறையின் கூடுதல் வேலையாகத் தீயணைப்பு இருந்த காலம், 1888ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்தின் வழியே அது மாநகராட்சியின் கடமையானது, குதிரைகள் இழுத்த வண்டிகளுக்கு மாற்றாக 1907இல் மோட்டார் வண்டி வந்தது ஆகியவற்றைத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். பிள்ளைகளை மிகவும் கவர்ந்தவை குதிரைகள்தாம். இதழில் பாதி இடம் அவற்றின் படங்களுக்கே போய்விட்டது.

நடுப்பகுதி 1944 ஏப்ரல் 14ஆம் நாளுக்கு உரியது. விக்டோரியா கப்பல்துறையில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பலில், பஞ்சுப் பொதிகளோடு சுமார் 1,400 டன் வெடிபொருளும் ஏற்றப்பட்டிருந்தது. பிற்பகலில் பஞ்சில் தீப்பிடித்த செய்தி கிடைத்ததும் படையின் வண்டிகள் கப்பலருகே சென்று, மணிக்கணக்கில் தண்ணீரைப் பாய்ச்சின. மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பின் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்திற்குள் இன்னும் பெரிய இரண்டாவது வெடிப்பு நிகழ்ந்தது. வெடிப்பின் அதிர்வு சிம்லாவிலிருந்த நிலநடுக்கக் கருவியில்கூடப் பதிவாயிற்று. அன்று உயிர்நீத்தவர்களுள் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் நினைவாகவே அந்நாள் நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

வெடிக்கவிருந்த கப்பலின் அருகுவரை சென்ற அதே படையின் வண்டி, இம்மாதம் நம் பள்ளியில் நடந்த தீயணைப்பு ஒத்திகைக்கு வந்தபோது வாசலை அடைய முடியவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். சந்தின் முனையிலிருந்து கேட் வரை இருபுறமும் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் நின்றிருந்தன. தீயணைப்பு வண்டி ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலம் உடையது; அது உள்ளே வந்தால் மட்டும் போதாது, கதவுகளைத் திறக்கவும், குழாயை இழுத்துச் செல்லவும், ஏணியை நிமிர்த்தவும் இடம் வேண்டும். வேலைக்கு விரையும் அவசரத்தில், பிள்ளையை வாசலிலேயே இறக்கிவிட வேண்டும் என்று நீங்கள் எண்ணுவது எனக்குப் புரிகிறது. நம் சந்துகளின் அகலத்தை நம்மால் கூட்ட முடியாது என்பதையும் அறிவேன்.

எனினும், ‘இரண்டு நிமிடம்தானே’ என்ற பதிலை இனி ஏற்க இயலாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த பின்னரும், பள்ளிக்குச் செல்லும் வழியை அடைப்பது சிறிய விஷயம் என்று நம்மில் எவரும் சொல்ல முடியாது. ஆகவே ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாள் முதல், சந்தின் முனைக்கு உட்பட்ட பகுதியில் எந்த வாகனத்தையும் நிறுத்தக் கூடாது. முதல் முறை மீறுவோரிடம் நானே பேசுவேன். மீண்டும் மீறினால் வண்டி எண் போக்குவரத்துக் காவலரிடம் அளிக்கப்படும். ஆசிரியர்களின் வாகனங்களும் இதற்கு விலக்கல்ல. நடக்க இயலாத பிள்ளைகளின் பெற்றோர் என்னை நேரில் சந்தித்தால் தனி ஏற்பாடு செய்து தரப்படும்.

ஒத்திகையன்று தாமாகவே முன்வந்து வண்டிகளை நகர்த்த உதவிய ஆட்டோ ஓட்டுநர்களான தந்தையருக்கும், மழையிலும் பிள்ளைகளை நடத்தியே அழைத்துவரும் தாய்மார்களுக்கும், பாட்டி தாத்தாக்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. பெரும்பாலான பெற்றோர் விதிகளை மதிப்பவர்கள் என்பதை நான் நன்கு அறிவேன். சுவர் இதழ் தேர்ச்சி அட்டை வழங்கும் நாள்வரை முதல் மாடித் தாழ்வாரத்தில் இருக்கும். அன்று வரும்போது அவசியம் பார்வையிட்டுப் பிள்ளைகளை ஊக்கப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்