மெக்ரிகர் என்று சொன்னால் மரணம்

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செல்வத்தின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். இந்த முறையும் லீவு கிடைக்கவில்லை என்று கதை விட்டால் ராஜி உன்னைச் சும்மா விடமாட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக ஸ்காட்லாந்து வரலாறு படிக்கிறேன். மெக்ரிகர் குடியின், அதாவது அந்தப் பெயர் கொண்ட குலத்தின், கதை மனதை விட்டுப் போக மறுக்கிறது. நீ விழுந்து விழுந்து ரசிக்கும் நடிகர் இவான் மெக்ரிகரின் பெயர்தான். ஒரு காலத்தில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டாலே மரண தண்டனை, தெரியுமா?

1603 பிப்ரவரியில், கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் மெக்ரிகர்கள் கொல்கூன் குடியினரை வெட்டிச் சாய்த்தார்கள். கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் மெக்ரிகர்களின் பாட்டன் பூட்டன் வாழ்ந்த மண்ணைக் கேம்பல் குடியினர் அரச சாசனம் காட்டி எடுத்துக்கொண்டதை யார் விசாரித்தார்கள்? ஏப்ரலில் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணை ஏறக் கிளம்பும் அவசரம். அதற்கு நடுவிலும் அந்தப் பெயரையே ஒழிக்க ஆணை வந்துவிட்டது. மறு வருடம் குடித்தலைவர் அலஸ்டேரை எடின்பரோவில் தூக்கிலிட்டார்கள். குற்றம் செய்தவனைத் தண்டிக்கலாம், சேகர். தொட்டில் குழந்தையின் பெயர் என்ன பாவம் செய்தது?

முர்ரே, கிராண்ட், டிரம்மண்ட் என்று கிடைத்த பெயருக்குள் ஒளிந்தார்கள். இடையில் மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் தடையை நீக்கினார். 1693இல் மறுபடி போட்டார்கள். 1671இல் பிறந்த ராப் ராய் மெக்ரிகர், அவ்வளவு பெரிய வீரன், தாய்வழிப் பெயரான கேம்பல் என்று கையெழுத்துப் போட்டான். மண்ணைப் பிடுங்கியவர்களின் பெயர்! அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1774இல்தான் தடை ஒரேயடியாக நீங்கியது. அப்புறம் 826 பேர் கையெழுத்திட்டுத் தலைவராக ஏற்றவர் யார் என்கிறாய்? ஜான் முர்ரே! கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வங்காளத்தில் வேலை பார்த்தவர். அவர் குடும்பம் 1822இல்தான் மெக்ரிகர் என்ற பெயரை முழுதாக மீட்டது.

அதே வருடங்களில் கிரிகர் மெக்ரிகர் என்பவன், போயைஸ் என்று இல்லாத நாட்டைக் காட்டிச் சொந்த ஸ்காட்லாந்துக்காரர்களிடமே நிலம் விற்றான். நம்பிக் கப்பலேறியவர்களில் பாதிக்கு மேல் செத்தார்கள். எத்தனை பேர் உயிரைக் கொடுத்துக் காத்த பெயர்! அவன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

ஐந்தாறு தலைமுறை முர்ரேயாகவே வாழ்ந்த வீட்டில் நீ பிறந்திருந்தால், 1774இல் பழைய பெயருக்குத் திரும்பியிருப்பாயா? நான் உடனே திரும்பியிருப்பேன். நீ என்ன சொல்கிறாய், எழுது.

அன்புடன்,
பாலு