2.4 கிலோ தண்ணீருக்கு டெல்லி வரை போக வேண்டுமா?

தமிழ்நாடு அரசின் உணவுத் துறைக்கும் கூட்டுறவுத் துறைக்கும்,

வணக்கம். குறுவை நெல் மழையில் நனையும்போதெல்லாம் நடப்பது ஒன்றுதான். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள். 22 வரை தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கடிதம் போகும், குழு வந்து மாதிரி எடுக்கும். உத்தரவுக்குக் காத்திருக்கையில் தார்ப்பாய்க்கு அடியில் நெல் சூடேறி முளைவிட்டுவிடும்.

22 சதவீத ஈரமுள்ள 40 கிலோ மூட்டை 17-க்கு வர, வெளியேற வேண்டிய தண்ணீர் 2.4 கிலோ. அதை ஊரிலேயே இறக்கலாம். நாங்கள் கேட்பது நெல் உலர்த்தும் இயந்திரம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கே அது சொந்தமாக இருக்க வேண்டும்.

நாலு டன் கொள்ளும் இயந்திரத்தில் ஈட்டுக்கு 100 மூட்டை. மணிக்குச் சுமார் ஒரு சதவீதம் என்று ஈரத்தை இறக்கினால் ஐந்து மணி நேரம். நாளைக்கு மூன்று ஈடு பார்க்கலாம். அவசரப்பட்டு அனலைக் கூட்டினால் நெல்மணிக்குள் விரிசல் விழும், அரவையில் நொய்தான் மிஞ்சும். விதைநெல் என்றால் 43 டிகிரியைத் தாண்டவே கூடாது, முளைப்புத்திறன் போய்விடும். எரிக்க உமி போதும். நெல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமிதானே!

மானியத்தில் வாங்கி, சாவியை மாவட்ட அலுவலகத்தில் வைத்துவிடாதீர்கள். பெல்ட் அறுந்தால் மாற்ற அனுமதி வருவதற்குள் அறுவடை முடிந்துபோகும். வாடகையை உறுப்பினர் பேரவை முடிவு செய்யட்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பழுதுபார்க்கத் தனிக் கணக்கில் நிற்கட்டும். சங்கத்தில் ஆளுக்கு ஒரு வாக்கு; ஐந்து மா நிலம் வைத்திருப்பவருக்கும் இருபது ஏக்கர்காரருக்கும் அதே ஒன்றுதான். பட்டா இல்லாத குத்தகைக்காரர்களையும் சாகுபடியைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைந்த ஊர்கள் இவை. அவர்களை விட்டுவிட்டு உடைமையைப் பரவலாக்க முடியாது.

சிறிய அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பிடுங்கிக்கொள்வது அநீதி என்று 1931-இல் போப் பதினோராம் பயஸ் சுற்றுமடலில் எழுதினார். எழுத்தாளர்கள் செஸ்டர்டனும் பெல்லாக்கும் இங்கிலாந்தில் வாதாடியது உடைமை பலர் கையில் இருக்க வேண்டும் என்றுதான். 1892-இல் எங்கள் தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி.குமரப்பா கிராமத் தொழில்களுக்காகவே வாழ்நாளைக் கொடுத்தார்.

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் புரட்டாசியில் கதிர் முற்றிவிடும். அதற்கு முன்பே இயந்திரம் ஊருக்கு வந்து, சங்கத்துக்கு இருவராவது அதை ஓட்டவும் பழுதுபார்க்கவும் பழகியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
காவிரிப் படுகை நெல் சாகுபடியாளர்கள்