மார்ச் மாதமே மருந்தாளுநரைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நகர்ப்புற சமுதாய நல மையங்களுக்குப் புதுக் கட்டடம், புது ஸ்கேன் மெஷின் என்று அடிக்கடி செய்தி வருகிறது, சந்தோஷம்தான். ஆனால் அங்கே வருஷக்கணக்கில் வேலை பார்ப்பவர்களிடம் நிர்வாகம் எதையாவது கேட்டு முடிவெடுக்கிறதா?

நான் காசிமேடு. அப்பா விசைப்படகில் போகிறவர், சர்க்கரையும் பிரஷரும் உண்டு. எங்கள் பகுதி மையத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்க வேண்டும், ஆனால் படகு ஏறினால் திரும்பி வரப் பத்து நாள்கூட ஆகும், நோட்டில் போட்ட தேதியன்று ஆள் கரையில் இருக்கமாட்டார். முன்பு இருந்த மருந்தாளுநர் அக்காவுக்கு இது தெரியும். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் 'போட்' என்று எழுதியிருப்பார், அதைப் பார்த்ததும் நாலு நாள் முன்னாடியே கொடுத்து அனுப்பிவிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போதுதான் எங்கள் ஆட்கள் பரிசோதனைக்கே வருவார்கள், பலருக்குச் சர்க்கரை இருப்பதே அப்போதுதான் தெரியவரும், அதனால் மார்ச்சிலேயே சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைக் கூடுதலாகக் கேட்டு இண்டெண்ட் (மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல்) போட்டுவிடுவார்.

அவருக்கு டிரான்ஸ்ஃபர் ஆனது. அடுத்த தடைக்காலத்தில், மே மாதம் பாதியிலேயே ஸ்டாக் இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதுவும் வருமானமே இல்லாத மாதத்தில். புதிதாக வந்தவர் மேல் தப்பில்லை, முந்தைய மாதங்களின் கணக்கைப் பார்த்துத்தான் இண்டெண்ட் போட்டிருக்கிறார், அவருக்கு யாரும் சொல்லவில்லை. பென்சிலில் எழுதிய அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை.

ரிஜிஸ்டரில் வராத இந்த மாதிரி விவரம் செவிலியர், லேப் டெக்னீஷியன், ஆயாம்மா என்று ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வருகிற பெண்களுக்கு, எந்தத் தெருவில் யார் மாத்திரையைப் பாதியில் விட்டார் என்பது அத்துப்படி. மையத்தின் தேவைகளைப் பேசி முடிவெடுக்கும் நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் இவர்களையும் உட்கார வைத்துப் பேச விடலாமே. அப்புறம், ஒருவர் மாறிப் போகும்போது சாவியையும் ஸ்டாக்கையும் மட்டும் ஒப்படைத்தால் போதாது, புதிதாக வருபவரோடு ஒரு வாரமாவது சேர்ந்து வேலை பார்க்கட்டும்.

சம்பந்தப்பட்ட அதிகாரிகள் இதைப் படித்தால், அடுத்த தடைக்காலத்துக்கான இண்டெண்டில் கையெழுத்துப் போடும் முன் மருந்தாளுநரையும் செவிலியரையும் கூப்பிட்டு ஒரு பத்து நிமிஷம் பேசுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், காசிமேடு